முதலில் செயலிகள், அப்புறம் லினக்ஸ்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலையில் என் கணினியில் இருந்த விண்டோஸை முழுதாக அழித்துவிட்டு லினக்ஸை நிறுவினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அல்லாடினேன். பழைய மின்னஞ்சல்கள் இருந்த கோப்பைத் திறக்க முடியவில்லை. தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆவணங்களில் பாதி ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. ஒரு முக்கியமான கணக்கின் கடவுச்சொல் பழைய உலாவியோடு சேர்ந்து அழிந்துவிட்டது. இதில் லினக்ஸின் குறை என்று எதுவும் இல்லை. நான் எடுத்துக்கொண்ட வரிசைதான் தவறு.

நாள் முழுக்க நாம் புழங்குவது உலாவி, கடிதம், கணக்குத் தாள், மின்னஞ்சல், பாட்டு, படம் இவற்றோடுதான். இயங்குதளம் அவற்றுக்கு அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். லிப்ரே ஆபீஸ் (கடிதம், கணக்குத் தாள்), ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (மின்னஞ்சல்), விஎல்சி (பாட்டு, காணொளி), கிம்ப் (படம்), கீபாஸ்எக்ஸ்சி (கடவுச்சொல்) ஆகிய ஆறும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதனால் பழைய கணினியிலேயே முதலில் இவற்றுக்கு மாறிக் கை பழகிக்கொள்ளுங்கள். இயங்குதளத்தை மாற்றுகிற நாளில் திரையின் ஓரங்கள்தான் மாறும், உங்கள் வேலை மாறாது.

காலம்: நிதானமாகச் செய்தால் ஒரு மாதம். அதில் உட்கார்ந்து செய்கிற வேலை ஆறேழு மாலைப்பொழுதுகள், மற்றதெல்லாம் பழகுகிற நாட்கள். செலவு: இங்கே சொல்லப்போகும் எந்தச் செயலிக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வெளியில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் இல்லையென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் உங்கள் கோப்புகளின் மொத்த அளவைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

1. செயலிகளை அல்ல, வேலைகளை எழுதுங்கள்

"இந்தச் செயலிக்குப் பதில் லினக்ஸில் என்ன இருக்கிறது?" என்று தேடத் தொடங்கினால் முடிவே இருக்காது. ஒரு தாளை எடுத்துக் கடந்த ஒரு மாதத்தில் கணினியில் செய்த வேலைகளை எழுதுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பியது, புகைப்படத்தின் அளவைக் குறைத்தது, மாதக் கணக்குப் போட்டது, காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்தது, இப்படி. என் தாளில் பதினேழு வரிகள் வந்தன. அவற்றில் பதினொன்று உலாவிக்குள்ளேயே நடக்கிற வேலைகள் என்று அப்போதுதான் கண்டேன். அந்தப் பதினொன்றுக்கும் நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாற்றே இல்லாத வேலையும் இந்தத் தாளில்தான் தெரியவரும். உங்கள் அலுவலகம் கேட்கும் ஒரு குறிப்பிட்ட மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடலாம். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளை நம்பி உங்கள் பிழைப்பு இருக்கலாம். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் வைத்திருக்கலாம். இப்படி ஒன்று இருந்தால் விண்டோஸை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைன் என்ற கருவி வழியாகச் சில விண்டோஸ் செயலிகள் லினக்ஸிலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் கெடு வைத்த வேலைக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

எதையும் நிறுவுவதற்கு முன் இவற்றைச் சேகரியுங்கள். ஒரு மாலை போதும்.

- உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள்.
- இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் தரப்படும் மீட்புக் குறியீடுகள். இவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.
- மின்னஞ்சல் கணக்குகளின் சர்வர் விவரங்கள். இணையத்தில் இல்லாமல் கணினியிலேயே இருக்கும் பழைய அஞ்சல்களின் கோப்பு.
- நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக் கோப்புகள் எல்லாம்.
- டிஸ்கைப் பூட்டும் வசதியான விண்டோஸின் பிட்லாக்கருக்குரிய மீட்பு எண். 48 இலக்கம் கொண்டது.

கடைசியாகச் சொன்னதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பல புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அது நமக்குத் தெரிந்திருக்காது. கணினியின் தொடக்க அமைப்புகளை லினக்ஸுக்காக மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது.

3. கடவுச்சொல்லும் உலாவியும்: முதல் வாரம்

முதலில் கீபாஸ்எக்ஸ்சி. இது கடவுச்சொற்களை எல்லாம் பூட்டிய ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பு உங்கள் கையில் இருக்கும், யாருடைய சர்வரிலும் இருக்காது. உலாவியிலிருந்து கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக எடுத்து இதில் இறக்கலாம். அந்த சிஎஸ்வி கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகவே கிடக்கும். இறக்கியதும் அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலி இதே கோப்பைத் திறக்கும்.

முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் திறக்க வேறு வழியே கிடையாது. "மறந்துவிட்டேன்" என்று அழுத்த அங்கே பொத்தானும் இல்லை. நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து நீளமாக வையுங்கள். எழுதிய தாளை வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ். புத்தகக்குறிகளைப் பழைய உலாவியிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்தால் விளம்பரத் தொல்லை பெருமளவு குறையும். அதே பெயரைச் சற்றே மாற்றி வைத்த வேறு நீட்சிகளும் உண்டு, பெயரை முழுதாகப் படித்துவிட்டுச் சேருங்கள். வங்கித் தளமோ அலுவலகத் தளமோ ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வரவில்லையென்றால் குரோமியத்தை இரண்டாவது உலாவியாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு தளத்துக்காக அது தேவைப்படுகிறது.

4. மின்னஞ்சல்: லினக்ஸுக்கு வருவதற்கு முன்பே முடியுங்கள்

அஞ்சலை உலாவியிலேயே பார்ப்பவர் நீங்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கணினிக்குள் அவுட்லுக் போன்ற செயலி வைத்து வருடக்கணக்கான அஞ்சல்களைச் சேர்த்திருப்பவர்களுக்குத்தான் இது.

அவுட்லுக் தன் அஞ்சல்களை பிஎஸ்டி என்ற கோப்பில் வைக்கிறது. லினக்ஸில் இருக்கும் தண்டர்பேர்ட் அதை நேரடியாகத் திறக்காது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கோப்பைப் பத்திரமாக நகலெடுத்து வைத்திருந்தேன், ஆனால் திறக்கத் தெரிந்த செயலியை அழித்துவிட்டேன். கடைசியில் நண்பர் ஒருவரின் விண்டோஸ் கணினியில் இரண்டு இரவு உட்கார்ந்து மாற்றி எடுத்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: அவுட்லுக் இருக்கும் அதே விண்டோஸ் கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, அதன் இம்போர்ட் வசதி வழியாக அஞ்சல்களை உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு தண்டர்பேர்டிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு ஸிப் கோப்பு கிடைக்கும், அதை லினக்ஸில் இருக்கும் தண்டர்பேர்டில் இறக்கிவிடலாம். மொத்தம் 2 ஜிபிக்கு மேல் போனால் அந்த வழி நடக்காது. அப்போது அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் கோப்புறையை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போங்கள், இயங்குதளம் மாறினாலும் அது வேலை செய்யும்.

கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு வழி காட்டும். ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும். பாப் அவற்றை உங்கள் கணினிக்கு இறக்கும், அமைப்பைப் பொறுத்துச் சர்வரிலிருந்து நீக்கியும் விடும். இரண்டு கணினியில் பார்ப்பவர்களுக்கு பாப் சரிவராது.

5. லிப்ரே ஆபீஸ்: இங்கே கொஞ்சம் நின்று பழகுங்கள்

மாறுபவர்களில் பாதிப் பேர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அதற்குக் காரணம் எழுத்துரு. செயலியைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

என் சுயவிவரக் குறிப்பு வேர்டில் சரியாக இரண்டு பக்கம். லிப்ரே ஆபீஸில் திறந்தபோது மூன்று பக்கம் ஆகியிருந்தது. மூன்றாவது பக்கத்தில் "இடம், தேதி, கையொப்பம்" என்ற ஒரு வரி மட்டும் தனியாக நின்றது. என்ன நடந்தது என்றால், அந்த ஆவணம் கேலிப்ரி எழுத்துருவில் இருந்தது, லினக்ஸ் நிறுவிய என் கணினியில் கேலிப்ரி இல்லை. வேறு ஏதோ ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் ஒரு மயிரிழை அகலமாகி, வரிகள் மடிந்து, பக்கம் வழிந்துவிட்டது.

இதற்கென்றே அகலம் அச்சாக ஒத்துப்போகும் கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. கேலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கேலடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் லிபரேஷன் குடும்ப எழுத்துருக்கள். லிபரேஷன் பெரும்பாலும் முன்பே இருக்கும். லினக்ஸுக்கு வந்ததும் கார்லிட்டோவும் கேலடியாவும் இருக்கின்றனவா என்று எழுத்துருப் பட்டியலில் பாருங்கள். இல்லையென்றால் சினாப்டிக் என்ற தொகுப்பு மேலாளரில் பெயரைத் தேடி நிறுவுங்கள். சாதாரண மென்பொருள் கடையில் எழுத்துருக்கள் பல நேரம் தென்படாது, அதனால்தான் சினாப்டிக். நிறுவியபின் லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தேன். அந்தக் கையொப்ப வரி இரண்டாம் பக்கத்தின் அடியில் தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அப்புறம், லிப்ரே ஆபீஸ் இயல்பாக ஓடிடி, ஓடிஎஸ் போன்ற வடிவங்களில் சேமிக்கும். இவை திறந்த தரநிலை, உங்கள் சொந்த ஆவணங்களுக்கு இவையே நல்லது. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் வேர்டில் திருத்தி அனுப்ப வேண்டியவர் என்றால், அந்த ஆவணத்தைத் தொடக்கத்திலிருந்தே டாக்எக்ஸ் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அப்படித்தான் என்றால் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் "ஆல்வேஸ் சேவ் ஆஸ்" என்ற இடத்தில் மாற்றிவிடலாம். ஒரே ஆவணத்தை இந்த வடிவத்திலும் அந்த வடிவத்திலும் மாறி மாறிச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அட்டவணை, எண்ணிட்ட பட்டியல், பக்க ஓரம் என்று ஏதாவது ஒன்று சற்றே நகரும்.

படிக்க மட்டும் அனுப்பும் ஆவணத்தை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஏற்றுமதி செய்யும் சாளரத்தில் "ஹைப்ரிட் பிடிஎஃப்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் திருத்தக்கூடிய மூல ஆவணமும் அந்த பிடிஎஃப்புக்குள்ளேயே போய்ச் சேரும். மற்றவர்களுக்கு அது சாதாரண பிடிஎஃப், லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தலாம். எனக்கு நானே வைத்துக்கொள்ளும் கடிதங்களை எல்லாம் இப்படித்தான் வைக்கிறேன். வெளியே அனுப்பும் பிரதியில் மட்டும் இதை எடுத்துவிடுங்கள்.

கணக்குத் தாளுக்குக் கால்க். கூட்டல், சராசரி, வடிகட்டல், பிவட் அட்டவணை எல்லாம் பழகிய மாதிரியே இருக்கும். எக்செல் மேக்ரோக்கள் மட்டும் எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது. உங்களுடைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சோதியுங்கள்.

இந்தப் படிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். பழைய கணினியிலேயே, மைக்ரோசாஃப்ட் ஆபீஸைத் திறக்காமல், எல்லா ஆவண வேலையையும் இதிலேயே செய்யுங்கள்.

6. தமிழ் எழுதவும் படிக்கவும்

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் இருக்கும் தமிழ் லினக்ஸில் சிக்கலின்றித் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் மூன்றும் இருந்தால் திரைக்கும் அச்சுக்கும் போதும்.

பிரச்சினை வருவது யூனிகோடுக்கு முந்தைய ஆவணங்களில். பாமினி, டாப், டாம், டிஸ்கி முறைகளில் தட்டச்சு செய்தவை உள்ளே தமிழாக இல்லை. பாமினியில் "அம்மா" என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் இருக்கிறது, எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த முகம் கழன்றுவிடும். உடனடித் தீர்வு, படி 2-இல் சேர்த்து வைத்த எழுத்துருக் கோப்பை இருமுறை க்ளிக் செய்து நிறுவுவது. நிலையான தீர்வு, யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மாற்றும்போது இரண்டு விஷயம். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணத்தை மொத்தமாக மாற்றியில் போட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். பத்தி பத்தியாக எடுத்து மாற்றுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், மாற்றியதில் ஒரு கொம்போ காலோ தவறியது ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும்.

எழுதுவதற்கு (இது லினக்ஸுக்கு வந்த பிறகு): லினக்ஸின் திரைத் தோற்றத்தைத் தரும் திரைச்சூழல்களில் ஒன்றான கினோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை இருக்கும். அதனுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்து நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். லாக்அவுட் செய்யாமல் "பட்டியலில் தமிழே வரவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. பிறகு செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்சஸ் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி என்று எல்லா அமைப்பும் கிடைக்கும். விண்டோஸ் குறி போட்ட விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

இன்னொரு திரைச்சூழலான கேடிஈ பிளாஸ்மாவில் ஃபிசிடிக்ஸ்5 என்ற உள்ளீட்டு முறை நன்றாக ஒத்துப்போகிறது. அங்கே வேலேண்ட் என்ற திரை அமைப்பில் இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் "வெர்ச்சுவல் கீபோர்டு" என்ற பகுதியில் ஃபிசிடிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பெயரைப் பார்த்தால் திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான இடம் போல இருக்கும், அதனாலேயே யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஐபஸ், ஃபிசிடிக்ஸ் இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள், ஒரு செயலியில் தமிழ் வரும், பக்கத்துச் செயலியில் வராது.

லிப்ரே ஆபீஸில் இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஸ்டைலில் எழுத்தின் அளவை 14 என்று மாற்றியும் தமிழ் மட்டும் 12-லேயே நின்றால் குழம்பாதீர்கள். ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் "காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுத்து மொழியாகத் தமிழை வையுங்கள். அப்போது எழுத்துரு அமைக்கும் சாளரத்தில் தமிழுக்கென்று தனிப் பகுதி திறக்கும். என் ஆவணங்கள் ஒரு வழிக்கு வந்தது இதைக் கண்டுபிடித்த நாளில்தான்.

7. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள்

கை பழகிவிட்டதா? சரி, இப்போது லினக்ஸைப் பார்க்கலாம். லினக்ஸ் பல விநியோகங்களாக, அதாவது வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் வடிவங்களாக, கிடைக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் லினக்ஸ் மிண்ட் அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் ஐந்து வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். ஃபெடோரா நல்லதுதான், ஆனால் ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறக்குறைய 13 மாதம். அடிக்கடி மேம்படுத்த மனம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற கருவியைக் கொண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், முன்பே காலி செய்துவிடுங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் நிறுவாமலேயே லினக்ஸ் திரை வரும்.

இங்கே வால்பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இவற்றைச் சோதியுங்கள்: வைஃபை, ஒலி, மைக், கேமரா, புளூடூத், மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, பிரிண்டர், ஸ்கேனர். ஒரு மணி நேரம் ஆகும். அண்மைக் காலத்து நெட்வொர்க் பிரிண்டர்கள் பல, டிரைவர் எதுவும் தேடாமலேயே பட்டியலில் வந்துவிடும். பென் டிரைவில் எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், அந்த வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிட்டு லினக்ஸை நிறுவுங்கள்.

விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்கள் அதில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

8. செயலியை எங்கிருந்து நிறுவுவது

விண்டோஸ் பழக்கத்தில் உலாவியில் தேடி, கிடைத்த தளத்தில் "டவுன்லோட்" அழுத்தி நிறுவாதீர்கள். லினக்ஸில் மென்பொருள் கடை ஒன்று முன்பே இருக்கிறது. மிண்டில் சாஃப்ட்வேர் மேனேஜர், கேடிஈயில் டிஸ்கவர். தேடினால் அங்கேயே வரும், புதுப்பிப்பும் அங்கிருந்தே வரும்.

ஒரே செயலி இரண்டு மூன்று வடிவில் தெரிந்தால் குழம்ப வேண்டாம். விநியோகத்தின் சொந்தத் தொகுப்பு ஒன்று, எந்த விநியோகத்திலும் ஓடும் ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு ஒன்று, உபுண்டுவில் ஸ்னாப் என்ற தொகுப்பு ஒன்று. என் வழக்கம் இதுதான்: கணினியோடு ஒட்டியவற்றை, அதாவது பிரிண்டர், எழுத்துரு, உள்ளீட்டு முறை போன்றவற்றைச் சொந்தத் தொகுப்பில் எடுப்பேன். புதிய பதிப்பு வேண்டும் என்று தோன்றும் பெரிய செயலிகளை ஃபிளாட்பேக்கில் எடுப்பேன். முதல் ஃபிளாட்பேக் செயலியை நிறுவும்போது பதிவிறக்கம் பெரிதாக இருக்கும். பல செயலிகள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் அடித்தளமும் அதோடு சேர்ந்து இறங்குவதே காரணம். அடுத்தடுத்து வருபவை சிறியதாகவே இருக்கும்.

கவனிக்க வேண்டியவை. ஃபிளாட்பேக் செயலிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில் சரிபார்க்கப்பட்டது என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், அது அந்தச் செயலியின் சொந்தக்காரர்களே வெளியிட்டது என்று காட்டும். ஃபிளாட்பேக் செயலி உங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கோப்பைப் "பார்க்க மறுத்தால்" செயலி கெட்டுப்போகவில்லை. அதற்கு அந்த இடத்துக்கு அனுமதி இல்லை. ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியில் அந்த அனுமதியைக் கொடுக்கலாம். ஒரே செயலியை இரண்டு வடிவிலும் நிறுவாதீர்கள். இரண்டுக்கும் அமைப்புகள் தனித்தனி, "நேற்று வைத்த புத்தகக்குறி எங்கே" என்று தேட வேண்டிவரும்.

9. பிடிஎஃப், ஸ்கேன், கையெழுத்து

படிக்கவும் குறிப்பெழுதவும் படிவம் நிரப்பவும் ஓக்குலர். பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். இதில் பக்கங்கள் சிறு படங்களாக வரிசையாக நிற்கும், சுட்டியால் இழுத்து இடம் மாற்றிச் சேமித்தால் முடிந்தது. சான்றிதழ்களை இணையத்தில் எங்கேயோ இருக்கும் "இலவச பிடிஎஃப்" தளங்களில் ஏற்றிச் சேர்க்கும் பழக்கத்தை இதை வைத்து அன்றோடு விட்டேன், நீங்களும் விடுங்கள்.

கையெழுத்திட சூர்னல்++. வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டுப் படம் எடுத்து, கிம்ப்பில் பின்னணியை நீக்கி பிஎன்ஜியாக ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த பிடிஎஃப்பிலும் அதை வைக்கலாம். முடித்ததும் "சேவ்" அழுத்தினால் அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். "எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்" கொடுத்தால்தான் அனுப்பக்கூடிய கோப்பு கிடைக்கும்.

ஸ்கேனுக்கு டாக்குமென்ட் ஸ்கேனர் போதும். சாதாரணப் படிவத்துக்கு 150 டிபிஐ தாராளம், விண்ணப்பத் தளங்களின் அளவு வரம்பைப் பெரும்பாலும் தாண்டாது. ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் 300 வையுங்கள். அந்த வேலைக்கு ஜிஇமேஜ்ரீடர், அதற்குப் பின்னால் இயங்குவது டெஸரக்ட். தமிழ் மொழித் தரவைத் தனியாக நிறுவினால் தமிழ்ப் பக்கங்களையும் படிக்கும். நல்ல அச்சாக இருந்தால் திருத்தும் வேலை குறைவு.

10. படம், ஒலி, காணொளி, கைபேசி

விஎல்சி எதையும் ஓட்டும். மற்ற செயலிகளில் காணொளி ஓடாவிட்டால் பெரும்பாலும் கோடெக், அதாவது அந்த வடிவத்தைப் படிக்க உதவும் துணை மென்பொருள், இல்லாததுதான் காரணம். மிண்டில் மெனுவிலேயே மல்டிமீடியா கோடெக் நிறுவும் இணைப்பு இருக்கும்.

படத்தைத் திருத்த கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் விளைவுகளைச் சேர்த்த பிறகும் பின்னால் போய் மாற்ற முடிகிறது, அதனால் பழைய பதிப்புக்கான பாடங்களைப் பார்த்துத் தயங்காதீர்கள். இங்கேயும் "சேவ்" கிம்ப்பின் சொந்த வடிவத்துக்கு, ஜேபெக் வேண்டுமானால் "எக்ஸ்போர்ட்". ஓவியத்துக்குக் கிரிட்டா, சின்னம், சுவரொட்டி வரைய இங்க்ஸ்கேப், ஒலிக்கு ஆடாசிட்டி, காணொளி வெட்டி ஒட்ட கேடென்லைவ், திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ். தேவை வரும்போது நிறுவினால் போதும், எல்லாவற்றையும் முதல் நாளே குவிக்க வேண்டாம்.

கைபேசிக்குக் கேடிஈ கனெக்ட். கைபேசியும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் கோப்பு அனுப்பலாம், இங்கே நகலெடுத்ததை அங்கே ஒட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று காணவில்லையென்றால் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்களைத் திறந்துவிடுங்கள்.

11. பேக்கப்: நிறுவிய அன்றே

மிண்டில் டைம்ஷிஃப்ட் முன்பே இருக்கும், மற்றவற்றில் நிறுவிக்கொள்ளலாம். புதுப்பிப்பு ஏதாவது கணினியைக் குழப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்ப இது அருமையான கருவி. ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. உங்கள் ஆவணங்களும் படங்களும் இருக்கும் ஹோம் கோப்புறையை இயல்பாக அது தொடாது. வாரந்தோறும் டைம்ஷிஃப்ட் ஓடுகிறது என்ற நிம்மதியில் நான் இருந்தேன். டிஸ்க் பழுதான அன்று ஒரு வருடப் புகைப்படங்கள் போய்விட்டன. அவற்றை எதைக் கொண்டும் மீட்க முடியவில்லை.

ஆகவே ஆவணங்களுக்குத் தனியாக டெஜா டுப் வையுங்கள். மெனுவில் "பேக்கப்ஸ்" என்ற பெயரில் வரும். வெளி ஹார்ட் டிஸ்கைக் காட்டி, வாரம் ஒருமுறை என்று அமைத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் கீபாஸ்எக்ஸ்சியில் மட்டும் வைக்காதீர்கள், கணினி போனால் அந்தக் கோப்பும் அதோடு போகும். காகிதத்திலும் எழுதுங்கள். முதல் முறை பல மணி நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிடுங்கள். அடுத்த முறையிலிருந்து மாறியவை மட்டும் போகும், சில நிமிடம்தான்.

சிங்க்திங் போன்ற ஒத்திசைவுச் செயலியைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

முதல் பேக்கப் முடிந்த மறுநாள் ஒரு வேலை செய்யுங்கள். "சோதனை" என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, அதில் ஒரு கடிதத்தையும் ஒரு படத்தையும் போட்டு, பேக்கப் எடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, "ரீஸ்டோர்" கொடுத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். கடிதம் திறக்கிறதா, படம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் வந்துவிட்டால், லினக்ஸை நிறுவும் முன் எடுத்து வைத்த பழைய நகலை அழிக்கலாம். வரவில்லையென்றால் அதை இன்னும் தொடாதீர்கள்.